குன்னூர் வீட்டுத் தேக்குத் தரை: மெஷின் போடுவதற்கு முன்

குன்னூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மாமனார் காலத்து வீடு. கூடமும் இரண்டு படுக்கையறைகளும் தேக்குப் பலகைத் தரை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஜன்னல் வெளிச்சம் தரையில் அப்படியே தெரியும். இப்போது சாம்பல் பூத்த மாதிரி கிடக்கிறது. வாரம் இரண்டு முறை வெந்நீரில் ஃபினாயில் விட்டுத் துடைக்கிறோம். காபி டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். வாசல் ஓரம் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஒரு மூலையில் தேய்த்தோம். இரண்டு நாள் பளபளத்தது, அப்புறம் தூசி படிந்து பிசுக்காகிவிட்டது. பாலிஷ்காரர் வந்து பார்த்துவிட்டு, மொத்தத் தரையையும் மெஷின் போட்டுத் தேய்த்து பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்கிறார். செய்யலாமா? சென்னையில் என் மகன் ஃப்ளாட்டிலும் மரத் தரை மங்கிக் கிடக்கிறது. அதற்கும் இதே வழிதானா?"

வணக்கம் அம்மா. பாலிஷ்காரருக்கு இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அவர் சொல்வது தப்பான வேலை என்று சொல்லவில்லை. உங்கள் தரைக்கு அது தேவையா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தரையில் நீங்கள் பார்த்த பளபளப்பு மேலே இருந்த மெல்லிய பூச்சுடையது. அந்தப் பூச்சு என்ன ரகம், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே எதைப் போட்டாலும் காசு வீண். நான் போய்ப் பார்க்கும் மங்கிய தரைகளில் பெரும்பாலானவற்றில் பூச்சு போயிருக்காது. அதன் மேல் அழுக்கும் சோப்பும் ஃபினாயிலும் ஏடாகப் படிந்திருக்கும். அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய துப்பு அந்த வெள்ளை வட்டம். இந்தக் காலத்து பி.யூ. பூச்சில் சூடான டம்ளர் வைத்தால் அப்படி எளிதில் வெளுக்காது. வெளுப்பது அரக்குப் பூச்சும் மெழுகும்தான். மாமனார் காலத்து மலை வீடு என்பதால், அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் ஃப்ரெஞ்ச் பாலிஷும், அதன் மேல் காலாகாலமாகத் தேய்த்த மெழுகும் இருக்கும் என்பது என் கணிப்பு. அரக்குக்கு மூன்று எதிரிகள்: சூடு, தேங்கும் ஈரம், காரம். வெந்நீர் அதை இளக்கும். ஈரம் உள்ளே புகுந்தால் வெள்ளையாகப் பூக்கும். சோடா, அம்மோனியா, காரமான சோப்பு எல்லாம் அதைக் கரைத்தே விடும். நீங்கள் வெந்நீரையும் ஃபினாயிலையும் சேர்த்து வாரம் இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள். தரை இவ்வளவு நாள் தாங்கியதே அந்தக் காலத்து ஆட்கள் நன்றாகப் பூசியிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

கணிப்பு கணிப்புதான். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் என்று கண்ணில் படாத ஓர் இடமும், நடமாட்டம் அதிகமுள்ள ஓர் இடமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு உருண்டையாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. உள்ளே இறங்கி மரம் கருத்தால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது. அடுத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மஞ்சளும் பழுப்புமாக வழவழப்பாக ஏறினால் அது மெழுகு. மெழுகைத் துடைத்தெடுத்த அதே இடத்தில், கொரோனா காலத்தில் வாங்கி எங்காவது மிச்சமிருக்கும் கை சானிடைசரை ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு. ஒன்றுமே ஆகாவிட்டால் அது பி.யூ., மெலமைன் மாதிரி ஏதோ ஒரு இந்தக் காலத்துப் பூச்சு. இடையில் எப்போதோ யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் நான் கீழே சொல்லும் அரக்கு வேலை உங்களுக்குப் பொருந்தாது. மெழுகையும் அழுக்கையும் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். எண்ணெய்களில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு ஜாதி உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும். அதனால்தான் அதை மரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது. ஈரமாகவே இருந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். அது போதாதென்று, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். குன்னூரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும் பொருளைத் தரையில் தடவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எலுமிச்சையும் வினிகரும் அமிலம். பழைய பூச்சுக்கு அவற்றால் நன்மை ஒன்றும் இல்லை, மெல்ல மெல்ல மங்கத்தான் வைக்கும். அந்த மூலையை மினரல் டர்பன்டைன் துணியால் இரண்டு முறை துடைத்தால் பிசுக்கு வந்துவிடும்.

சரி, அரக்கும் மெழுகும்தான் என்று உறுதியானால் வேலையை இப்படி ஆரம்பியுங்கள். மொத்தக் கூடத்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். அலமாரிக்கு அடியில் ஒரு சதுர மீட்டர் எடுத்துச் செய்து பார்த்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள். முதலில் மென்மையான துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ மணலை எடுக்க வேண்டும். மணல் இருக்கும்போது தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பிறகு ஜன்னல்களைத் திறந்து வைத்து, அந்த அறையிலும் பக்கத்திலும் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் அணைத்துவிட்டு, மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிடிவாதமான இடத்துக்கு ஸ்டீல் வுல்லில் நான்கு பூஜ்யம் என்று போட்டிருக்கும் மிக நைஸான ரகத்தைப் பயன்படுத்தலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம். டர்பன்டைன் காய்வதற்குள் வேறு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரைந்த மெழுகு அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். துணியைத் திருப்பித் திருப்பி, அழுக்கானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் துணி தேன் நிறத்துக்குப் போகும், அடுத்தது கறுப்பாகும். துணியில் நிறம் ஏறாமல் வரும்போது நிறுத்தலாம். ஸ்டீல் வுல் பயன்படுத்திய இடத்தை வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புத் தூள் தங்கினாலும் அடுத்த மழைக்கால ஈரத்தில் துருப்புள்ளியாக வந்து நிற்கும்.

அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது காயும்போது தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். அதைத் தண்ணீரில் முக்கித்தான் வைக்க வேண்டும்.

ஒரு ராத்திரி காய விட்ட பிறகு ஃபினாயில் ஏடு. அரை வாளி சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, தரை நனையாமல் துடைத்து, பின்னாலேயே உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டு வர வேண்டும். இருவர் சேர்ந்து செய்தால் சுலபம். இந்தக் கட்டத்தில் தரை மேலும் மங்கலாகத் தெரியும். மெழுகு போனதால்தான் அப்படி, பயப்படாதீர்கள்.

வெள்ளை வட்டங்களும் பூப்பும் இதற்கு மேலும் இருந்தால் அது பாலிஷ்காரர் வேலை. ஸ்பிரிட் விஷம், சுலபமாகத் தீப்பிடிப்பது. அவரே கொண்டுவந்து அவரே செய்யட்டும். அரக்கில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எத்தனை வருஷமானாலும் ஸ்பிரிட் பட்டால் பழைய பூச்சு இளகும், புதுப் பூச்சு அதோடு கரைந்து ஒன்றாகிவிடும். தெரிந்த கை ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணிப் பொட்டலத்தை எங்கும் நிற்காமல் ஒரே வீச்சாக ஓட்டும்போது, வெள்ளை வட்டம் கண்ணெதிரே மறைவதைப் பார்க்கலாம். அரை நொடி நின்றால் துணி ஒட்டிக்கொண்டு தழும்பு விழும், அதனால்தான் புதுக் கை செய்யக் கூடாது என்கிறேன். அதன் பிறகு நீர்த்த அரக்குப் பூச்சு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் கணக்கு போதும். கெட்டியாகப் பூசினால் சீக்கிரம் முடியும் என்று ஆசை காட்டுவார்கள், ஆனால் கெட்டிப் பூச்சு மேலே காய்ந்து உள்ளே காயாமல் நிற்கும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் 320 நம்பர் உப்புத்தாளால் தடவினாற்போல ஒரு தேய்ப்பு. செதில் எப்போது கரைத்தது என்றும் கேளுங்கள். மாதக்கணக்காகக் கேனில் கிடந்த கரைசல் சரியாக இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்து மெழுகு. மரத்துக்கான கெட்டி மெழுகு, நிறம் சேர்க்காதது. சிவப்புச் சிமெண்ட் தரைக்குப் போடும் சாயம் கலந்த மெழுகை வாங்கி வந்துவிடாதீர்கள், பலகை இடுக்கெல்லாம் சிவப்பு ஏறி நிற்கும். துணியில் கொஞ்சமாக எடுத்து, போட்டது தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவி, அரை மணி நேரம் விட்டுப் பழைய கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும். பளபளப்பு வருவது தேய்ப்பில்தான், மெழுகின் அளவில் இல்லை. மாடிப்படியில் மட்டும் மெழுகு போடாதீர்கள். உங்கள் வயதில் வழுக்கி விழுந்தால் தரையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. கூடத்தில் விரிக்கும் ஜமுக்காளத்துக்கு அடியில் ரப்பர் வலையும் போட்டுவிடுங்கள்.

வாசல் ஓரத்துக் கறுப்பு தனிக் கதை. அங்கே பூச்சு தேய்ந்து மரமே வெளியே தெரிகிறது, அழுக்கு நாருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கையால் 120, அப்புறம் 180, அப்புறம் 220 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அரக்கு ஏற்றிச் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடலாம். ஆணித் தலையைச் சுற்றி மட்டும் நீலம் கலந்த கறுப்பாக இருந்தால் அது அழுக்கு இல்லை. இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாக்கிய கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலுக்குத்தான் போகும். அதுவும் விஷம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கறை போனதும் இரண்டு மூன்று முறை தண்ணீரில் துடைத்தெடுக்கும் ஆள்தான் செய்ய வேண்டும்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். பலகைகள் ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாக, அதாவது ஒன்றின் ஓரத்து நீட்டல் அடுத்ததன் ஓரப் பள்ளத்தில் நுழையும்படி, கோத்திருந்தால், தேய்த்துக்கொள்ள உங்களுக்கு இருக்கும் மரம் நாக்குக்கு மேலே உள்ள பாகம் மட்டும்தான். 19, 20 மில்லிமீட்டர் பலகை என்றால் புதிதாக இருந்தபோதே அது சுமார் 6 மில்லிமீட்டர்தான். முழுசாக ஒரு முறை மெஷின் போட்டால் அதில் ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு விசிட்டிங் கார்டு போதும். இரண்டு பலகைக்கு நடுவே இடுக்கு உள்ள இடத்தில் கார்டைச் செங்குத்தாக இறக்குங்கள். நாக்கில் இடித்து நிற்கும். தரை மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு எடுத்து அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மெஷின் பேச்சே வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் கதவருகே தேய்மானம் அதிகம். கார்டு தடையில்லாமல் அடிவரை போனால் நாக்கு இல்லாத பலகை. அதில் மேலிருந்து ஆணி அடித்திருப்பார்கள். ஒவ்வோர் ஆணியையும் உள்ளே இறக்கிய பிறகுதான் மெஷின் போட முடியும், இல்லாவிட்டால் மெஷினின் உப்புத்தாள் பெல்ட் கிழியும், பொறி பறக்கும்.

கணக்கை விடுங்கள், எனக்கு இன்னொரு மனத்தடையும் உண்டு. பழைய தேக்கு பல பத்தாண்டுகளாக வெளிச்சத்தில் ஏறிய நிறத்தை மெஷின் ஒரு மத்தியானத்தில் எடுத்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஸ்டெயின் (மரச் சாயம்) அடித்தாலும் அது புது ஹோட்டல் தரை மாதிரிதான் இருக்கும். ஆழமான கீறல் எங்கும் ஓடியிருக்கிறது, பலகைகள் கிண்ணம் போல வளைந்திருக்கின்றன, பாதித் தரையில் தண்ணீர்ச் சொட்டு உள்ளே இறங்குகிறது என்றால் மெஷின் போடத்தான் வேண்டும், நானே சொல்வேன். வெள்ளை வட்டத்துக்கும் சாம்பல் ஏட்டுக்கும் அது அதிகம்.

பி.யூ. நல்ல பூச்சுதான். தண்ணீருக்கும் தேய்மானத்துக்கும் அரக்கைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் மெழுகின் மேல் அது பிடிக்கவே பிடிக்காது. பலகை இடுக்குகளில் இத்தனை வருஷம் ஊறிய மெழுகு, மெஷின் போட்டாலும் ஓரங்களில் மிச்சமிருக்கும். அடுத்த வருஷமே அங்கிருந்து தோலாக உரிய ஆரம்பிக்கும். உரிந்த பி.யூ.வை இடம் பார்த்து ஒட்டுப் போட முடியாது, அறை முழுக்க மறுபடி தேய்க்க வேண்டும். என்றாவது பி.யூ.தான் என்று முடிவு செய்தால் கண்ணாடிப் பளபளப்பு கேட்காதீர்கள், சாட்டின் என்னும் மென்மையான மினுமினுப்பு கேளுங்கள். கண்ணாடித் தரையில் ஒவ்வொரு கால்தடமும் ஒவ்வொரு கீறலும் ஜன்னல் வெளிச்சத்தில் கணக்குச் சொல்லும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். உங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அரக்கும் வேண்டாம், வேறெந்தப் பூச்சும் வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அரக்கு பூசினால் பூசும்போதே வெளுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பனிமூட்டம் விலகிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் பலகை இடுக்குகள் கொஞ்சம் அகன்று தெரியும். பட்டி வைத்து அடைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பி அந்தப் பட்டியை வெளியே தள்ளிவிடும்.

இனி ஃபினாயில் வேண்டாம், வெந்நீர் வேண்டாம். தினமும் உலர்ந்த துடைப்பான், அழுக்குப் பட்ட இடத்துக்கு மட்டும் பிழிந்த துணி. வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மிதியடி. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை மெழுகு போதும். நடுவில் மங்கினால் புதிதாக மெழுகு போடாமல் கம்பளித் துணியால் மட்டும் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும்.

மகன் வீட்டுத் தரை வேறு சங்கதி. சென்னை ஃப்ளாட்டுகளில் மரத் தரை என்று சொல்வது பலவும் லேமினேட். அடியில் அழுத்திய மரத்தூள் பலகை, அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள், அதற்கு மேல் கடினமான மெலமைன் படலம். தேய்க்க அதில் மரமே இல்லை. ஒரே முடிச்சு, ஒரே ரேகை நான்கைந்து பலகை தள்ளித் திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் லேமினேட் என்று நினைத்துக்கொள்ளலாம். கதவடிப் பட்டியைக் கழற்றி வெட்டுமுகத்தைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. மேலே நிஜ மர அடுக்கு ஒன்று தெரிந்தால் அது எஞ்சினியர்டு வுட். அந்த அடுக்கின் கனத்தைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும், அதை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

லேமினேட்டில் எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் உள்ளே போகாது, மேலே நின்று வழுக்கும். அது மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: அளவுக்கு மேல் விடும் ஃப்ளோர் கிளீனர், அப்புறம் போர் தண்ணீரின் உப்பு. துடைத்துக் காய்ந்ததும் வெள்ளைக் கோடு கோடாகத் தெரிந்தால் உப்புதான். அரை வாளி கேன் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் விட்டு, மைக்ரோஃபைபர் துணியை ஒட்டப் பிழிந்து ஒரு முறை துடைத்து, வெறும் கேன் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து உடனே உலர்த்தட்டும். உங்கள் அரக்குத் தரைக்கு வேண்டாம் என்று சொன்ன வினிகர்தான், இங்கே கரைக்க வேண்டியது சுண்ணாம்பு உப்பு என்பதால் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் சொல்கிறேன். பிறகு தினசரித் துடைப்பையும் கேன் தண்ணீரிலேயே, மிகக் குறைந்த ஈரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீராவி மாப் கூடாது. பலகை ஓரம் ஏற்கெனவே உப்பி எழுந்திருந்தால் அது இறங்காது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். தரை போட்டபோது மிச்சமான பலகைப் பெட்டி லாஃப்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அதே டிசைன் இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம்.